கழற்றி மாட்டிய லைன்

தொரோகுல் இறந்த வருஷம் குளிர் ரொம்பக் கடுமை. ஓஷ் ஊரின் விளிம்பில் எசெனின் முற்றத்தில் இருந்த இரும்பு கன்டெய்னர்களுக்குள் மோட்டார் சைக்கிள்கள் குளிர்காலம் முழுக்கக் கிடந்தன. பனி கரைந்து கதவைத் திறந்தபோது பேட்டரிகள் செத்திருந்தன, டயர்களில் காற்று இல்லை. அது வருஷா வருஷம் நடப்பது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்கள், அந்த ஹோஸ்கள், அப்படிக் கெட்டுப்போனதுதான் புதுசு. ரப்பர் முழுக்கப் பொடிப்பொடியாக வெடிப்பு. லீவரைப் பிடித்து அழுத்தினால் ஹோஸ் லேசாகப் புடைத்தது.

மெக்கானிக் இக்ராம் ஒன்றை வளைத்து வெளிச்சத்தில் காட்டினார். அவர் உஸ்பெக், எங்கள் எல்லோரையும் விட மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

"இதை வச்சுக்கிட்டு தால்தீக் கணவாய் இறங்கினா, பாதி வழியில லீவர் பஞ்சாயிடும். ஆயில் சூடாகும், ரப்பர் ஊதும். நீங்க அமுக்கற அமுக்கு சக்கரத்துக்குப் போகாது, ஹோஸுக்குத்தான் போகும்."

எசென் மறுபேச்சு பேசவில்லை. வண்டிகளை வாடகைக்கு விட்டு, வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் தொழில் அவனுடையது. வீட்டை அடகு வைத்துத் தொடங்கியது. கஞ்சன் என்று அவனைச் சொல்ல முடியாது. எஃகுக் கம்பி பின்னிய லைன்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான், பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் சேர்த்தே. ஆனால் பெட்டிகளில் பாதிதான் வந்தது. மீதி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.

வந்ததை இக்ராம் மாட்டினார். பழைய ஹோஸைக் கழற்றி, புது செப்பு வாஷர் வைத்து, லைன் எங்கேயும் உரசாமல் வளைத்துக் கட்டி, ஆயில் ஊற்றி, உள்ளே சிக்கிய ஏர் எடுத்து முடிக்க ஒரு வண்டிக்கு அரை நாள் ஆனது. முடிந்ததும் தொரோகுலைக் கூப்பிட்டு லீவரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். தொரோகுல் எங்கள் முன்னணி வழிகாட்டி. எசெனின் தங்கை அனாரைக் கட்டியவன்.

"என்ன அண்ணே, கல்லைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

"கல்லு மாதிரிதான் இருக்கணும்."

"எங்க மாமியார் மனசு மாதிரி."

கன்டெய்னர் அருகே டீ ஊற்றிக்கொண்டிருந்த அனார், "அம்மாகிட்ட சொல்றேன் இரு" என்றாள். அவள்தான் பயணங்களுக்கு ரொட்டி, உலர்ந்த இறைச்சி, டீத்தூள் எல்லாம் கட்டித் தருவாள். சொல்லப்போனால் அந்தத் தொழிலே அவள் கட்டிய பெட்டிகளில்தான் ஓடியது.

வாடகை வண்டிகளோடு தொரோகுலின் வண்டிக்கும் ஸ்டீல் லைன் ஏறியது. எல்லாம் ஒரே மாடல். என் வண்டி பழசு, வேறு மாதிரி. இந்த லைன் அதற்கு நீளம் பத்தாது. நான் எப்போதும் கூட்டத்தின் கடைசியில் மெதுவாக வருகிறவன் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நானும்தான்.

முதல் கூட்டம் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போலந்துக்காரர் மனைவியோடு வந்து இறங்கினார். அவருக்கு மட்டும்தான் வண்டி பதிவாகியிருந்தது. மனைவி பின்னால் உட்கார்ந்து வருவாள் என்று எசென் நினைத்திருந்தான். அந்த அம்மாள் தனக்குத் தனி வண்டி வேண்டும் என்றாள். கன்டெய்னரில் ஒரு உபரி வண்டி இருந்தது. அதில் பழைய ஹோஸ்தான்.

எசென் முற்றத்தில் நின்று வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு இக்ராமிடம் சொன்னான்.

"மாப்ள வண்டில இருக்கிற லைனைக் கழட்டி இதுல மாட்டிடுங்க. பழசை மாப்ள வண்டிக்குப் போட்டுடுங்க."

இக்ராம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பழசு குப்பைத் தொட்டியில கெடக்கு எசென்."

"தொட்டியிலதானே? எடுங்க."

"முன் சக்கரத்துத் தண்டு கிட்ட ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கு. கையால தொட்டாலே தெரியுது."

"போன வருஷம் பூரா அதுலதானே ஓடிச்சு? ஒரு ட்ரிப். திரும்பி வர்றதுக்குள்ள மிச்ச லைன் வந்துரும். விருந்தாளியைப் பழசுல ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா என் கடைக்குப் பூட்டுதான்."

இக்ராம் அசையவில்லை. அப்போது தொரோகுல் பக்கத்தில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த சாம்சா தின்றுகொண்டிருந்தான். அனார் பெட்டிக்குள் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடாரங்களை மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கும் எல்லாம் காதில் விழுந்தது.

எசென் திரும்பி, "என்ன மாப்ள?" என்றான்.

தொரோகுல் வாயில் இருந்ததை விழுங்கினான். "போடுங்க அண்ணே. அந்த ரோடு எனக்குத் தெரியாததா? பிரேக்கே இல்லாம குதிரையில இறங்கினவன் நான்."

"குதிரைக்குப் புத்தி உண்டு" என்றார் இக்ராம். ஆனாலும் போய்த் தொட்டியைக் கிளறினார்.

அனார் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் மறுபடி ரொட்டி அடுக்கினாள். அண்ணன் முதலாளியாகவும் புருஷன் அவன் கையில் வேலை பார்ப்பவனாகவும் இருக்கும் வீட்டில் ஒரு பெண் எத்தனை முறை வாய் திறக்க முடியும்?

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அலாய் பள்ளத்தாக்கில் காற்று, மழை, ஒரு நாள் கல்மழை. போலந்துக்கார அம்மாள் நன்றாக ஓட்டினாள். தொரோகுலுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். அவன் வளைவில் எப்படிச் சாய்கிறானோ அப்படியே அவளும் சாய்ந்தாள்.

திரும்பும் வழியில் தால்தீக் உச்சியில் நின்று டீ குடித்தோம். தொரோகுல் லீவரை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"என்னடா?"

"லீவர் கொஞ்சம் உள்ள இறங்குது. மெதுவாப் போயிக்கலாம்."

"நான் முன்னாடி போகவா?"

"உன் வேகத்துல போனா இவங்க விசா முடிஞ்சிரும்டா கென்ஜே" என்றான். சிரித்துக்கொண்டுதான் ஹெல்மெட்டை மாட்டினான்.

அந்த இறக்கம் முழுக்கக் கொண்டையூசி வளைவுகள். ஆடுகள் கோடை மேய்ச்சலுக்கு மேலே ஏறும் சமயம் அது. கீழிருந்து மந்தை மந்தையாக வந்துகொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு நிலக்கரி லாரி. ஒரு வளைவு முடிந்ததும் லாரி சட்டென்று நின்றது, எதிரே ரோடு முழுக்க ஆடு. தொரோகுல் பிரேக் பிடித்திருக்கிறான். முன் ஹோஸ் வெடித்தது அந்தப் பிடியில்தான். பின் பிரேக் மட்டும் பிடித்து, சரளையில் சக்கரம் இறுகி, வண்டி குறுக்கே போனது. இடது பக்கம் பள்ளம். அவன் வலது பக்கம், லாரிக்கும் பாறைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வண்டியைத் திருப்பினான். அந்த இடுக்கு அவ்வளவு அகலம் இல்லை.

நான் வளைவு திரும்பி வந்தபோது ஆடுகள் அவனைச் சுற்றிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. போலந்துக்கார அம்மாள் லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றிருந்தாள். வண்டியை நேராக, சுத்தமாக நிறுத்தியிருந்தாள். கை இன்னும் லீவரை விடவில்லை.

தொரோகுலுக்கு நினைவு இருந்தது. நெஞ்சு அழுந்தியிருந்தது, பேச்சுக்கு மூச்சு பத்தவில்லை.

"கைக்கே வந்துருச்சுடா" என்றான். "லீவர்."

"பேசாதே."

"அனார்கிட்ட..." என்றான். நான் காத்திருந்தேன். பிறகு அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. லாரிக்காரரும் மேய்ப்பரும் நானும் சேர்ந்து, அந்த வழியாக வந்த ஒரு ஜீப்பில் அவனை ஏற்றினோம். கீழே குல்சோ ஊர் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது.

அந்த அம்மாள் அழுதுகொண்டே ரஷ்ய மொழியில் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் நின்னுட்டேனே. அவர் ஏன் நிக்கல? என்னை விட நல்லா ஓட்டுறவர் ஏன் நிக்கல?" எனக்குப் பதில் தெரியும். சொன்னால் அந்த வண்டியில் அவளால் இனி உட்கார முடியாது என்று நினைத்தேன். அவள் தெரியாமலே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் தொரோகுலின் அண்ணன் கால்மூர்சா வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தினார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வெளியே வரிசையாக நின்று, வருகிறவர்களை அழுகையோடு வரவேற்றார்கள். எசென் ஒரு குதிரையைக் கொண்டுவந்து கட்டினான், சாவு வீட்டு வழக்கப்படி அறுத்துச் சமைக்க. எல்லோரையும் விடச் சத்தமாக அழுதான். அது நடிப்பு இல்லை. அவன் தொரோகுலோடு ஒரே தெருவில் வளர்ந்தவன்.

அனார் கூடாரத் துணியை விலக்கி என்னைக் கூப்பிட்டாள். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"எப்படின்னு சொல்லு."

"அண்ணி, இப்ப வேண்டாமே..."

"ஹோஸா?"

தலையசைத்தேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி சொன்னாள்.

"கால்மூர்சா மச்சான் சனத்துக்கு முன்னாடி கேப்பாரு இல்ல, தம்பிக்கு யாரோட என்ன பாக்கின்னு? அப்ப என் அண்ணன் அவன் வாயால சொல்லணும். நான் சொன்னேன்னு போய்ச் சொல்லு."

எசென் குதிரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சொன்னேன். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"இன்னிக்கா? இத்தனை பேரு முன்னாடியா?"

"அண்ணி அப்படித்தான் சொன்னாங்க."

"அவ துக்கத்துல பேசறா" என்றான். பிறகு, "சரி, பாக்கலாம்" என்றான்.

உடலை வெளியே கொண்டுவந்து வைத்ததும், தொழுகைக்கு முன் கால்மூர்சா கூட்டத்தைப் பார்த்து நின்றார். "என் தம்பி யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தா என்கிட்ட கேளுங்க. அவனுக்கு யாராவது ஏதாவது தரவேண்டியிருந்தா இப்பவே சொல்லுங்க. அவன் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்" என்றது கூட்டம்.

எசென் முதல் வரிசையில் நின்றான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன், சத்தம் வரவில்லை. கால்மூர்சா மௌலவி பக்கம் திரும்பத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து இக்ராம் வந்தார். அழுக்குக் கோட்டு, தலையில் உஸ்பெக் குல்லா.

"நான் சொல்லணும்" என்றார். "அவன் வண்டில நல்ல லைன் இருந்துச்சு. அதைக் கழட்டினது இந்தக் கை. வெடிச்ச ஹோஸை மாட்டினதும் இந்தக் கைதான். மாட்டியிருக்கக் கூடாது."

யார் சொல்லி மாட்டினார் என்று அவர் சொல்லவில்லை. எசெனை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். எசென் தலை நிமிரவில்லை. கால்மூர்சாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் இக்ராமின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு மௌலவிக்குக் கை காட்டினார். தொழுதோம், புதைத்தோம்.

அடுத்த வாரம் போலீஸ் இக்ராமைக் கூட்டிப் போனது. கூட்டத்தில் சொன்ன வார்த்தையே போதுமாக இருந்தது. எசெனை விசாரித்தபோது, மெக்கானிக் தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். எனக்கு அது தெரிந்த அன்று அவனிடம் போனேன்.

"பொய் சொல்லிட்டியே எசென்."

"எனக்கு மூணு பிள்ளைங்க கென்ஜே. வீடு பேங்கில இருக்கு. இக்ராம் வயசானவர், விட்டுருவாங்க. என்னை அப்படி விடமாட்டாங்க."

"அவருக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு."

"தெரியும்" என்றான். "தெரியாமலா இருக்கேன்."

அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அனாரைப் பார்க்கப் போனான். அன்று நான் அங்கே விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் போகச் சொல்லவில்லை.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ அங்க இருந்தேன்னு யாருக்கும் தெரியாதுடி. ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்னு சொல்லிடு. போனவன் போயிட்டான். இருக்கிறவனையும் அனுப்பப் போறியா?"

"அவன் பேசியிருந்தா நான் பேச வேண்டியதே இல்லம்மா."

"கூடப் பிறந்தவன்டி."

"அதனாலதான் கூட்டத்துல பேச அவனுக்கு ஒரு நேரம் குடுத்தேன்."

எசென் வாசலிலேயே நின்றான். "அனார், நான் வேணும்னு செஞ்சேனா? மாப்ளயும்தான் சரின்னாரு. நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அடுப்பில் கெட்டில் கொதித்து வழிந்தபோது அவள் எழுந்து அதை இறக்கினாள். "ஆமா" என்றாள். "சொல்லியிருக்கலாம். அதையும் கோர்ட்டுல சொல்லிடறேன்."

அம்மா அன்றைக்கு அந்த வீட்டில் டீ குடிக்காமல் எழுந்து போனாள். பிறகு அந்தப் படி ஏறவில்லை.

வழக்கு இலையுதிர் காலத்தில் வந்தது. இக்ராமோடு எசெனின் பேரும் அதில் சேர்ந்திருந்தது. நான் முதலில் சொன்னேன், எசெனும் இக்ராமும் பேசியதைக் கேட்டபடி. பிறகு அனார். கறுப்புத் தலைத்துணியோடு நின்று, லைனைக் கழற்றச் சொன்னது தன் அண்ணன் என்றாள். இக்ராம் வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னாள். கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த இக்ராம் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி பின் பெஞ்சில் சத்தமில்லாமல் அழுதாள்.

எசெனின் வக்கீல் எழுந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க கணவர் அப்ப அங்க இருந்தாரா?"

"இருந்தார்."

"ஹோஸ் வெடிச்சிருக்குன்னு மெக்கானிக் சொன்னது அவர் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

அனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன், ஆனால் சுற்றி வளைத்து, சரியாக நினைவில்லை என்று மழுப்பியிருந்தேன். அவளும் அப்படியே சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"போடுங்கன்னு சொன்னார்" என்றாள்.

"சிரிச்சுக்கிட்டா, கோபமாவா?"

"சிரிச்சுக்கிட்டு."

தீர்ப்பு சின்னதாகத்தான் இருந்தது. இறந்தவர் அனுபவமுள்ள வழிகாட்டி. வண்டியின் நிலை அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தே, விரும்பியே ஓட்டினார். ஆகவே மெக்கானிக்கும் குற்றவாளி இல்லை, முதலாளியும் இல்லை. பராமரிப்பு விதியை மீறியதற்கு எசெனுக்கு அபராதம் மட்டும். மூன்று பேரில் யார்மேல் விழுவது என்று இழுத்துக்கொண்டிருந்த பழி, கடைசியில் மண்ணுக்குள் இருந்தவன்மேல் போய் விழுந்தது.

வெளியே படிக்கட்டில் எசென் தங்கையிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"அனார்... நீ என்னைக் காப்பாத்திட்ட."

"உன்னை இல்ல" என்றாள். "இக்ராம் அண்ணன் வெளிய வரணும்னு நெனச்சேன். கூடவே நீயும் வந்துட்ட."

அவள் இறங்கிப் போனாள். அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

இக்ராமை ஓஷ் பக்கம் யாரும் வேலைக்கு வைக்கவில்லை. செத்தவன் வண்டியில் கை வைத்தவர் என்ற பேர். குளிர்காலத்தில் மகனோடு ரஷ்யாவுக்குப் போனார். அங்கே ஏதோ கிடங்கில் பெட்டி சுமக்கிறார் என்று கேள்வி. அனார் ஓஷை விட்டு, கணவாய்க்குக் கீழே ரோட்டோரம் ஒரு பழைய உணவகத்தை எடுத்து நடத்தத் தொடங்கினாள். ஏன் அங்கே என்று நான் கேட்டதில்லை.

எசென் அடுத்த வசந்தத்தில் எல்லா வண்டிக்கும் ஸ்டீல் லைன் போட்டான். என் பழைய வண்டிக்கும் அளந்து செய்து வாங்கினான். நான் இன்னும் அவனிடம்தான் வேலை பார்க்கிறேன். முன்னால் போவது இப்போது நான். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு தெரியாது. இதைச் சொல்லும்போது அனார் முகத்தை நான் பார்ப்பதில்லை.

இறங்கி வரும்போதெல்லாம் அவள் கடையில் நிற்போம். விருந்தாளிகளுக்கு சூப் ஊற்றிவிட்டு, அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். வண்டி வண்டியாகப் போய் முன் லீவரைப் பிடித்து அழுத்துவாள். வெளிநாட்டுக்காரர்கள் அதை ஊர் வழக்கம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள்.

போன கோடையில் ஒரு வண்டியின் லீவர் அவளுக்குப் பிடிக்கவில்லை. கிளட்ச் பக்க லைன் ஹேண்டிலுக்குக் கீழே ஒரு இடத்தில் உரசி உரசி, பக்கத்து பிரேக் லைனின் முனையைத் தின்றிருந்தது. ஆயில் கசிந்திருந்தது. நான் குனிந்து தேடித்தான் கண்டுபிடித்தேன்.

"இது போகாது" என்றாள்.

"குல்சோ வரைக்கும் மெதுவா உருட்டிட்டுப் போயிடறேன் அண்ணி."

"போகாதுன்னு சொன்னேன் கென்ஜே."

சாவியை உருவித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மழை பெய்தது. விருந்தாளிகள் கத்தினார்கள், விமானம் போய்விடும் என்றார்கள். நான் எசெனுக்குப் போன் போட்டேன். அவன் விருந்தாளிகளுக்குக் கார் அனுப்புவதாகச் சொன்னான். லைன் கையிருப்பில் இல்லை என்று இழுத்தான். அனார் என் கையிலிருந்து போனை வாங்கினாள். கோர்ட் படிக்கட்டுக்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"லைன் வந்தாத்தான் வண்டி கிளம்பும்" என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மதியம் எசென் தானே காரில் வந்தான். ஓஷில் யாரிடமோ கெஞ்சி வாங்கிய லைன், இரண்டு வாஷர், ஒரு டப்பா ஆயில். நான் மாட்ட மாட்ட, அவன் மழையில் குந்தி உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டான். ஏர் எடுக்கும்போது லீவரை அழுத்தச் சொன்னேன், அழுத்தினான். தலைமுடி பாதி நரைத்திருந்தது. சமையலறை ஜன்னல் பக்கம் அவன் ஒரு தடவை பார்த்தான். அங்கே நீராவி படிந்திருந்தது.

முடிந்ததும் உள்ளே போனேன். அனார் பெரிய பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வண்டி ரெடி அண்ணி."

அவள் வெளியே போய் லீவரை அழுத்திப் பார்த்தாள். எசென் இரண்டு அடி தள்ளி நின்றான். அவள் சாவியை என் கையில் கொடுத்தாள், அவனைப் பார்க்காமலே திரும்பி வந்தாள். அவன் காரில் ஏறிக் கிளம்பிவிட்டான்.

அடுப்பங்கரையில் அவள் முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"அவன் ஏதாவது சாப்பிட்டானா?"

"கேட்டேன் அண்ணி. வேண்டாம்னுட்டான்."

"சரி" என்றாள். எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றி ரொட்டியோடு நகர்த்தினாள்.